நம்ப கேஸ் ஜப்பானுக்கு, அடுத்தவன் கரி நமக்கு: எரிசக்தி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மலேசிய எரிசக்தி மாற்றம், நீர் உருமாற்ற அமைச்சர், துணைப் பிரதமர் டத்தோஸ்ரீ அவர்களுக்கு,

எங்க வீட்டுக் கரண்ட் பில்லை மேசை மேல விரிச்சி வச்சிக்கிட்டுத்தான் இதை எழுதறேன். 652 யூனிட் ஓடியிருக்கு. அது ஊர்ல எல்லா வீட்டுலயும் நடக்கிற கதைதான், விடுங்க. ஆனா அந்தத் தாள்ல கீழ ஒரு வரி வரும், கேடபிள்யூடிபிபி 1.6 விழுக்காடுன்னு. எங்க அப்பாவுக்கு 72 வயசு, கண்ணாடியைத் தூக்கி நெத்தியில வச்சிக்கிட்டு பில்லைக் கண்ணுகிட்ட கொண்டுபோயி அந்த வரியை விரலால அழுத்தி "இது யாருக்குடா போவுது?"ன்னு கேட்டாரு. சோலார் மாதிரி புதுப்பிக்கத்தக்க சக்தித் திட்டத்துக்கெல்லாம் நம்பகிட்ட வாங்கற காசுப்பான்னு சொன்னேன். "அப்ப நம்ப கூரையில ஏன் ஒண்ணையும் காணோம்?"ன்னாரு. அந்தக் கேள்வியை அப்படியே உங்க மேசைக்குத் தள்ளி விடறேன்.

2011 கடைசியில 1 விழுக்காடா ஆரம்பிச்ச வசூல் அது, 2014-லேர்ந்து 1.6. மாசம் 300 யூனிட்டுக்குள்ள இருக்கிற வீட்டுக்கு கிடையாது, மத்தவங்க எல்லாரும் கட்டியாகணும். எங்களுக்கு மாசம் நாலு வெள்ளி சொச்சம் வரும். ஒட்டுக்கடையில ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக் காசு. பத்து வருஷத்துக்கு மேல அந்தக் காசைக் கட்டிட்டு, 2025-ல நம்ப கூரையிலயும் நாலு தகடு போடலாம்னு நாங்க கிளம்பினப்பதான் கதவு சாத்துச்சி.

என்ன நடந்துச்சின்னு சுருக்கமா சொல்லிடறேன். நெம் ராக்யாட் திட்டம் இருந்துச்சில்ல, பகல்ல நம்ப கூரையில உண்டாகிற கரண்ட்டை லைனுக்குக் கொடுத்தா ராத்திரி நம்ப எடுக்கிற கரண்ட்டுல யூனிட்டுக்கு யூனிட் கழிச்சிக்கலாம், பத்து வருஷத்துக்கு அந்தக் கணக்கு மாறாது. அதுக்கு மேல அரசாங்கம் 4,000 வெள்ளி வரைக்கும் கழிவு வேற கொடுத்துச்சி. நல்ல திட்டம், உண்மையாவே நல்ல திட்டம், அதைக் குறை சொல்ல வாய் வராது. 2025 மார்ச்சுல நானும் என் தம்பியும் காசு சேர்த்து ஒரு காண்ட்ராக்டர்கிட்ட முன்பணம் கட்டினோம். பேப்பர் எல்லாம் போனப்பதான் தெரிஞ்சது மீட்டர் கணக்கு இன்னும் எங்க அம்மா பேர்லயே இருக்குன்னு. அம்மா தவறி நாலு வருஷம் ஆச்சு, பில் மட்டும் மாசாமாசம் அவங்க பேருக்கு வந்துக்கிட்டே இருந்துச்சி, எங்களுக்கும் அதை மாத்த மனசு வரல, அது வேற விஷயம். இறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம், அப்பாவோட ஐசி எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு ஒரு கவுண்ட்டருக்கு மூணு தடவை அலைஞ்சேன், ஒவ்வொரு தடவையும் ஒரு தாள் கொறைஞ்சது. பேரு மாறி வந்து, காண்ட்ராக்டர் "அனுப்பிட்டேன் அண்ணா, கவலைப்படாதீங்க"ன்னு சொல்லி, ஜூலை மூணாந்தேதி போன் போட்டா "உள்ள போகலையாம் அண்ணா"ங்கிறான். திட்டம் ஜூன் 30-ஓட முடிஞ்சி போச்சி.

சரி, ஒரு திட்டம்னா ஒரு நாள் முடியத்தான் செய்யும், அது நியாயம். ஆனா அடுத்த திட்டம் 2026 ஜனவரி 1-லேர்ந்துதான் வந்துச்சி. நடுவுல ஆறு மாசம் ஒரு சாதாரண வீட்டுக்காரன் தன் கூரையில உண்டாகிற மிச்சக் கரண்ட்டை லைனுக்குக் கொடுத்துக் கணக்குல கழிக்க வழியே இல்ல. நீங்களே பயன்படுத்திக்கிறதா இருந்தா போட்டுக்குங்க, மிச்சத்துக்கு ஒண்ணும் கிடையாதுன்னு விட்டுட்டீங்க. வேலைக்குப் போற வீட்ல பகல்ல யாரு இருக்கா டத்தோஸ்ரீ, வெயில் அடிக்கிறப்ப நாங்க துறைமுகத்துல நிக்கிறோம், ஏர்கோன் ஓடறது ராத்திரி பதினொரு மணிக்கு.

அந்த ஜூன் கடைசியில இன்னொண்ணும் நடந்துச்சி. கனடாவுல கிட்டிமாட்னு ஒரு ஊரு, அங்கேர்ந்து எல்என்ஜி கனடாங்கிற திட்டத்தோட (எல்என்ஜின்னா குளிர வச்சித் திரவமாக்கின கேஸ்) முதல் கப்பல் ஏறத்தாழ அதே நாள்ல கிளம்புச்சி. அந்தத் திட்டத்துல நம்ப பெட்ரோனாஸுக்கு 25 விழுக்காடு பங்கு. நம்ப தேசிய எண்ணெய் கேஸ் கம்பெனி உலகத்தோட அந்தக் கோடியில கேஸைக் குளிர வச்சிக் கப்பல் ஏத்துது, பெருமைதான். எனக்கு வயித்தெரிச்சல் எதுலன்னா, அதே நாள்ல என் கூரையோட வாய்ப்பு முடிஞ்சி போச்சிங்கிறதுல.

இப்ப பெரிய கணக்குக்கு வருவோம். 1974-ல பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் வந்துச்சி, பெட்ரோனாஸ் பிறந்துச்சி. 1983-ல சரவாக்ல இருக்கிற பிந்துலுலேர்ந்து முதல் எல்என்ஜி கப்பல் ஜப்பானுக்குப் போச்சி. இப்ப அந்த வளாகத்துல ஒன்பது டிரெய்ன் (கேஸைக் குளிர வைக்கிற இயந்திர வரிசை) ஓடுது, வருஷத்துக்கு ஏறக்குறைய 30 மில்லியன் டன் குளிர வைக்கிற சக்தி இருக்கு. ஜப்பான், சீனா, தென் கொரியான்னு போவுது. உலகத்துல எல்என்ஜி அதிகமா விக்கிற முதல் அஞ்சி நாட்டுல நம்பளும் ஒண்ணு. நீங்க சரவாக்காரர், பெத்ரா ஜெயா எம்பி, இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா. (உங்க அமைச்சோட சுருக்கப் பேரும் பெத்ரான்னு வச்சிருக்காங்க, தற்செயலா இல்ல யாராவது யோசிச்சி வச்சாங்களான்னு ரொம்ப நாளா எனக்கு ஒரு சந்தேகம்.)

இப்ப இந்தப் பக்கம் பாருங்க, தீபகற்பத்துல. எங்க வீட்டு மாடியில ஏறி நின்னா மேற்குப் பக்கம் கடலோரமா காப்பார் பவர் ஸ்டேஷனோட புகைபோக்கி தெரியும். காப்பார், மஞ்சோங், போர்ட்டிக்சன் பக்கம் ஜிமா, ஜொகூர்ல தஞ்சோங் பின், எல்லாத்துலயும் எரியறது நிலக்கரி. தீபகற்பத்துக் கரண்ட்டுல பாதிக்குப் பக்கம் அதுலேர்ந்துதான் வருது. அந்தக் கரி கிட்டத்தட்ட முழுக்க வெளியிலேர்ந்து வாங்கறது, இந்தோனேசியாவுலேர்ந்துதான் அதிகம், அப்புறம் ஆஸ்திரேலியா. இதோட முடியல. திரெங்கானு கடல் கேஸ் பழசாகிக் கொறைய ஆரம்பிச்சதும் 2013-ல மலாக்கா சுங்கை ஊடாங்ல எல்என்ஜி இறக்குற இடம் கட்டினாங்க, 2017-ல பெங்கெராங்ல இன்னொண்ணு. அதாவது ஒரு கையால எல்என்ஜி ஏத்தி அனுப்பறோம், இன்னொரு கையால எல்என்ஜி இறக்கறோம், நடுவுல கரியை வேற காசு கொடுத்து வாங்கி எரிக்கிறோம்.

இதுக்குக் காரணம் இல்லாம இல்ல, எனக்கும் புரியுது. பிந்துலுவுக்கும் கிள்ளானுக்கும் நடுவுல தென் சீனக் கடல் கிடக்கு. ஜப்பான்காரனோட கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருபது வருஷத்துக்கு. எண்பதுகள்ல எண்ணெயை மட்டும் நம்பிக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு கரியைக் கொண்டு வந்தாங்க, அப்ப அது புத்திசாலித்தனமாத்தான் இருந்திருக்கும். நல்ல கேஸை நல்ல வெலைக்கு வித்துட்டு மலிவுக் கரியில சமைச்சிக்கிட்டா மிச்சம் லாபம்தானேன்னு கணக்குப் போட்டவங்க முட்டாள் இல்ல. ஆனா அந்தக் கணக்கு எப்ப வரைக்கும் ஓடும்னு ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லல.

2022 ஜனவரி ஞாபகம் இருக்கா. புது வருஷத்தன்னிக்கு இந்தோனேசியா கரி ஏத்துமதியை நிப்பாட்டிருச்சி. அவங்க நாட்டு பவர் ஸ்டேஷன்ல இருப்பு தீர்ந்து போச்சாம், முதல்ல வீட்டுக்கு, அப்புறம்தான் வெளியூருக்குன்னுட்டாங்க. அங்க ஒரு சட்டமே இருக்கு, தோண்டுறதுல 25 விழுக்காடு உள்நாட்டுக்குக் கொடுத்தாகணும், மின் நிலையத்துக்குக் கொடுக்கிறது டன்னுக்கு 70 டாலருக்கு மேல போகக் கூடாது. அதே வருஷம் வெளிச் சந்தையில கரி வெலை டன்னுக்கு 400 டாலரைத் தாண்டிப் போச்சி. அந்த அடியை யாரு தாங்கினா? அரசாங்கம் பில்லியன் கணக்குல மானியம் கொட்டித்தான் வீட்டு பில்லு ஏறாம பார்த்துக்கிச்சி. அதுக்கு நன்றி சொல்லணும், சொல்லிட்டேன். ஆனா அந்தக் காசு எங்க போய்ச் சேர்ந்துச்சி, கலிமந்தான் சுரங்கத்துக்காரன் பாக்கெட்டுக்கு. அதுல ஒரு பங்கை நம்ப கூரைங்களுக்கு விட்டிருந்தா அது இருபது வருஷத்துக்குக் கரண்ட் கொடுத்துக்கிட்டு இருக்கும். விக்கிறவன் தன் வீட்டு அடுப்பை முதல்ல பார்த்துக்கிட்டான் டத்தோஸ்ரீ. நம்பளும் விக்கிறவங்கதான், நம்ப அடுப்பை யாரு பார்க்கிறா?

கரின்னதும் எங்க குடும்பக் கதை ஒண்ணு சொல்லியாகணும், மன்னிச்சிக்குங்க, கொஞ்சம் சுத்தி வரேன். எங்க தாத்தா பத்து ஆராங்ல வேலை செஞ்சவரு. இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு அந்த ஊரே தெரியாது, பேர்லயே கரி இருக்கு. 1915-லேர்ந்து 1960 வரைக்கும் நம்ப சிலாங்கூர்லயே கரி தோண்டின ஊரு அது, ரயிலுக்கும் பங்சார் பவர் ஸ்டேஷனுக்கும் அங்கேர்ந்துதான் போச்சி. 1937-ல அந்தச் சுரங்கத்துத் தொழிலாளிங்க சம்பளத்துக்காகப் போராடினது சரித்திரத்துல இருக்கு. தாத்தா மேல் குழியில வெட்டுனவரு, ராத்திரி குளிச்சிட்டு வந்தாலும் காதுக்குள்ள கறுப்பு இருக்குமாம், பாட்டி தேங்காய் எண்ணெயில துணியை முறுக்கித் தொடைப்பாங்களாம். அப்புறம் ரயில் டீசலுக்கு மாறுச்சி, கரி வேணாம்னாங்க, சுரங்கத்தை மூடினாங்க. மூடினப்ப தாத்தா கையில என்ன கொடுத்து அனுப்பினாங்கன்னு அப்பாகிட்ட கேட்டேன். ஒரு மண்வெட்டின்னாரு. அது கம்பெனி கொடுத்தது இல்லியாம், இவரே தூக்கிக்கிட்டு வந்ததாம். குடும்பம் காப்பார் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வந்து லயத்து வீட்ல குடியேறுச்சி. அப்பா வளந்து பெரியவரானப்ப கடலோரத்துல பவர் ஸ்டேஷன் வந்து மறுபடியும் கரி. காண்ட்ராக்ட்ல சாரம் கட்டுற வேலை, இருபத்திரெண்டு வருஷம். அந்தக் கரிதான் எங்களைப் படிக்க வச்சிச்சி, அதை மறக்க மாட்டேன்.

அதனாலதான் கரி நிலையங்களை மூடப் போறோம்னு நீங்க சொல்றப்ப எனக்கு ரெண்டு பக்கமும் இழுக்குது. 2021-ல இனி புதுக் கரி நிலையம் கட்ட மாட்டோம்னு அப்போதைய பிரதமர் அறிவிச்சாரு, 2050-க்குள்ள கார்பன் வெளியேற்றத்துல நிகர சுழியத்தை எட்டப் பார்ப்போம்னும் சொன்னாரு. 2035-க்குள்ள கரியைப் பாதியாக் கொறைக்கிறது, 2044-க்குள்ள முழுசா நிப்பாட்டுறதுன்னு அரசாங்கம் சொல்லியிருக்கு. மூடுங்க, மூட வேண்டியதுதான். ஆனா நிரந்தரத் தொழிலாளிக்கு யூனியன் இருக்கு, கம்பெனி வேற நிலையத்துக்கு மாத்திக்கும். சாரம் கட்டுறவன், பாய்லர் கழுவுறவன், கரி எறக்கற ஜெட்டியில கூட்டுறவன், கேட்ல நிக்கிற ஜாகா, சாம்பல் ஏத்துற லோரி டிரைவர், இவங்க பேரு எந்த ரிப்போர்ட்லயும் இருக்காது, ஏன்னா இவங்க வேலை செய்யறது காண்ட்ராக்டருக்கு கீழ இருக்கிற காண்ட்ராக்டருக்கு கீழ இருக்கிற காண்ட்ராக்டர்கிட்ட. 1960-ல என் தாத்தா மண்வெட்டியோட வந்த மாதிரி இவங்களும் வரணுமா?

2023-ல என்இடிஆர் வெளியிட்டீங்க, தேசிய எரிசக்தி மாற்றத் திட்ட வரைபடம், ஜூலையில ஒரு பாகம், ஆகஸ்ட்ல ஒரு பாகம். 2050-ல மொத்த மின் உற்பத்தித் திறன்ல 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதா இருக்கும்னு போட்டிருக்கு. நான் அதைப் படிச்சேன், முழுசா இல்ல, போன்ல முடிஞ்ச வரைக்கும். பெரிய பெரிய திட்டம் இருக்கு, அணைக்கட்டுத் தண்ணி மேல மிதக்கிற சோலார், ஹைட்ரஜன், கார்பனைப் பிடிச்சி கடலுக்கு அடியில புதைக்கிறது. அதே 2023 மே மாசம், 2021-ல போட்டிருந்த புதுப்பிக்கத்தக்க மின்சார ஏத்துமதித் தடையை எடுத்தாங்க. அப்புறம் சிங்கப்பூருக்கு பச்சைக் கரண்ட் விக்க ஏலம் நடத்தினாங்க. பெரிய கம்பெனிங்க சோலார் பண்ணைகிட்ட நேரடியா கரண்ட் வாங்கிக்கிற மாதிரி 2024-ல கிரெஸ் திட்டம் வந்துச்சி. ஜொகூர்ல டேட்டா சென்டர் காளான் மாதிரி முளைக்குது, அதுக்குக் கரண்டும் வேணும், தண்ணியும் வேணும், ரெண்டுமே உங்க அமைச்சுதான்.

இதுல ஒவ்வொண்ணையும் தனித்தனியா எடுத்துப் பார்த்தா தப்புன்னு சொல்ல முடியாது. எல்லாத்தையும் வரிசையா நிறுத்திப் பாருங்க. நல்ல கேஸ் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும். நல்ல வெயில் சிங்கப்பூருக்கும் டேட்டா சென்டருக்கும். காப்பார்ல இருக்கிறவனுக்கு இறக்குமதிக் கரி. அந்த வரிசையில நாங்க எத்தனாவது ஆளுன்னு எப்பவாவது உங்க அமைச்சுல யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா?

புதுத் திட்டத்துக்கு வரேன். சோலார் அத்தாப்னு பேரு வச்சிருக்கீங்க. மலாய்ல கூரைன்னு அர்த்தம், ஆனா எங்களுக்கு அது வெறும் மலாய்ச் சொல் இல்ல, தோட்டத்துல பொறந்த எங்க பெரியவங்க தமிழ்லயே அத்தாப்புக் கூரைன்னுதான் பேசுவாங்க. பேரைக் கேட்டதும் அப்பா சிரிச்சிட்டாரு, "அத்தாப்பு போயி தகரம் வந்து, தகரம் போயி ஓடு வந்து, இப்ப மறுபடி அத்தாப்பா"ன்னாரு. பேரு நல்லாருக்கு, கணக்குதான் இடிக்குது. 2025 ஜூலையிலேர்ந்து வந்த புதுக் கட்டணத்துல வீட்டுக்காரங்க யூனிட்டுக்குக் கொடுக்கிறது மூணு துண்டா பிரிஞ்சிருக்கு, மாசம் 1,500 யூனிட்டுக்குள்ள இருந்தா எனர்ஜிக்கு 27.03 சென், கெப்பாசிட்டிக்கு 4.55, லைனுக்கு 12.85. கழிவு எதுவும் பார்க்காம கூட்டினா 44.43 சென். நான் ராத்திரி எடுக்கிற யூனிட்டுக்கு 44.43 கொடுக்கணும், பகல்ல நான் கொடுக்கிற யூனிட்டுக்கு எனர்ஜி துண்டு மட்டும், அந்த 27.03 சென்தான் கழியும். அந்த மாசக் கணக்குல மிஞ்சினா அடுத்த மாசத்துக்குப் போகாது, காணாமப் போயிரும். எங்க கூரைக்கு அஞ்சி கிலோவாட் போட்டா மாசம் 500 யூனிட் சுத்து வரும்னு சொன்னாங்க, பகல்ல அப்பாவும் பேத்திங்களும் 150 செலவு பண்ணா மிச்சம் 350 லைனுக்குப் போகும். பழைய கணக்குல அது 155 வெள்ளி. புதுக் கணக்குல 95 வெள்ளிக்குக் கீழ. மாசம் 60 வெள்ளி வித்தியாசம், பத்து வருஷத்துக்கு 7,000 வெள்ளிக்கு மேல. இருபதாயிரம் வெள்ளிக்கு மேல கடன் வாங்கிப் போடறவனுக்கு இந்த 7,000 சின்னக் காசு இல்ல.

லைனுக்கு செலவு இருக்கு, கம்பம் நிக்குது, டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு, அதை யாராவது கட்டணும்னு சொல்வீங்க, ஒத்துக்கிறேன். ஆனா நான் கொடுக்கிற யூனிட் எங்க போவுது? நடுப்பகல்ல பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போவுது. பிந்துலுவுக்குப் போகல, ஐம்பது கிலோமீட்டர் கம்பியில ஓடல. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட அதே யூனிட்டுக்கு முழு லைன் காசும் வாங்கறாங்க. ரெண்டு கம்ப தூரம் டத்தோஸ்ரீ.

இன்னொண்ணு, இந்த 600 யூனிட் கோடு. 600-க்குள்ள இருந்தா மாசம் 10 வெள்ளி ரீடெயில் சார்ஜ் இல்ல, எரிபொருள் வெலை ஏறி எறங்கறதுக்கான சரிக்கட்டல் இல்ல, சேவை வரியும் இல்ல. தாண்டினா எல்லாம் வந்து ஏறும். யோசனை நல்லதுதான், கஷ்டப்படறவனைக் காப்பாத்தணும். ஆனா எங்க வீட்ல ஒரு மீட்டர், ஒன்பது பேர். அப்பா, நான், என் வீட்டுக்காரம்மா, தம்பி குடும்பம், பிள்ளைங்க. தனி வீடு வாங்க முடியாமத்தான் ஒண்ணா இருக்கோம், ஏதோ கூட்டுக் குடும்பப் பண்பாட்டைக் காப்பாத்தறோம்னு இல்ல. 652-ஐ ஒன்பதால வகுத்தா தலைக்கு 72 யூனிட். கொண்டோவுல தனியா ஏர்கோன் போட்டுக்கிட்டு 400 யூனிட் ஓட்டுறவரு உங்க கணக்குல பாதுகாக்கப்பட வேண்டியவரு, நாங்க வசதியானவங்க. சோலார் போட்டாலாவது அந்தக் கோட்டுக்குக் கீழ எறங்கலாம்னு பார்த்தோம்.

காசு எங்க இருக்குன்னு கேப்பீங்க. நான் கேஸ் விக்கிறதை நிப்பாட்டுங்கன்னு சொல்ல வரல, ஊருக்கே சோறு போடுற அடுப்பை அணைன்னு சொல்ற அளவுக்கு எனக்குப் புத்தி கெடல. 2022-ல பெட்ரோனாஸ் அரசாங்கத்துக்குக் கொடுத்த ஈவுத்தொகை 50 பில்லியன் வெள்ளி, 2023-ல 40, 2024-ல 32. ஆஸ்பத்திரி, ஸ்கூல், சம்பளம் எல்லாத்துலயும் அந்தக் காசு இருக்கு. ஆனா அந்த மூணு நம்பரையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதிப் பாருங்க, எந்தப் பக்கம் போவுதுன்னு தெரியும். 2025 ஜூன்ல அந்தக் கம்பெனியே தன் ஆளுங்கள்ல பத்துல ஒரு பங்கைக் கொறைக்கப் போறதா சொல்லுச்சி. அதுக்கு மேல பிந்துலு கேஸ்ல சரவாக்குக்கு எவ்வளவு உரிமைங்கிற பேச்சு வேற நடக்குது, அதுல அவங்க பக்கமும் நியாயம் இருக்கு, தன் மண்ணுலேர்ந்து கேஸ் போயும் சரவாக் உள்நாட்டுல ரோடு இல்லாத லாங் ஹவுஸ் இருக்கிறதை நீங்க பார்த்திருப்பீங்க, நான் படிச்சிருக்கேன், அவ்வளவுதான். பாக்குன் அணைக்கட்டு 2,400 மெகாவாட், அதுக்காக ஊரைக் காலி பண்ணிக்கிட்டு சுங்கை ஆசாப்புக்குப் போனவங்க ஏறக்குறைய பத்தாயிரம் பேர். பச்சைக் கரண்டுன்னாலும் யாரோ ஒருத்தன் தலையிலதான் அது எறங்குது, அதனால அடுத்தவனை நகர்த்தாத கரண்ட் எங்க இருக்குன்னு தேடினா அது ஏற்கனவே கட்டி முடிச்ச கூரை மேலதான் இருக்கு. எங்க தாமான்ல மட்டும் இருநூறு வீடு, எல்லாம் ஓட்டுக் கூரை, சோலார் தகடு இருக்கிறது பதினொண்ணுல. எண்ணிட்டு வந்து சொல்றேன்.

1988-ல குவான்னு ஒரு நிதி ஆரம்பிச்சாங்க, தேசிய அறநிதி, எண்ணெய் கேஸ் தீர்ந்து போனாலும் பேரப்பிள்ளைங்களுக்கு ஏதாவது இருக்கணும்னு. கோவிட் தடுப்பூசிக்கு 2021-ல அதுலேர்ந்து எடுக்கலாம்னு சட்டத்தை மாத்தினாங்க, அவசரம், சரி. ஊசி உயிரைக் காப்பாத்துச்சின்னா கூரையும் பேரப்பிள்ளைங்க சொத்துதானே, அதுக்கு ஏன் அந்த மாதிரி ஒரு வழி யோசிக்கக் கூடாது.

இப்ப நான் கேக்கறது. ஒண்ணொண்ணா சொல்றேன், ஆமா இல்லைன்னு பதில் சொல்ற மாதிரிதான் வச்சிருக்கேன்.

முதல்ல எனக்கு ஒரே ஒரு தாள் வேணும். வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரே பக்கத்துல: எவ்வளவு எல்என்ஜி வித்தோம், என்ன வெலைக்கு, தீபகற்பத்துக்கு எவ்வளவு எல்என்ஜி இறக்கினோம், எவ்வளவு கரி வாங்கினோம், அதுக்கு எவ்வளவு மானியம், சிங்கப்பூருக்கு எவ்வளவு பச்சைக் கரண்ட் போச்சி, யூனிட் என்ன வெலை. இந்த நம்பரெல்லாம் இப்பவும் அங்கங்க இருக்கு, ஆனா ஒண்ணு ஒரு ஏஜென்சி ரிப்போர்ட்ல, இன்னொண்ணு ஒரு கம்பெனி ரிப்போர்ட்ல, மத்தது பார்லிமெண்ட் பதில்ல. பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் எங்களுக்குப் புரியும். மலாய், சீனம், தமிழ், ஈபான் எல்லாத்துலயும் போடுங்க.

அத்தாப் திட்டத்துல வீட்டு மீட்டருக்கு, அதுவும் அஞ்சி கிலோவாட்டுக்குள்ள போடறவங்களுக்கு, பழையபடி யூனிட்டுக்கு யூனிட் கழிக்கணும். அது முடியாதுன்னா லைன் துண்டுல பாதியையாவது சேர்த்துக் கொடுங்க. மிஞ்சினதை அந்த மாசத்தோட அழிக்கிறதை நிப்பாட்டி அடுத்த மாசத்துக்குக் கொண்டுபோக விடுங்க. திட்டம் மாறினா பழசு முடியற அன்னிக்கே புதுசு ஆரம்பிக்கணும், ஆறு மாச ஓட்டை இன்னொரு தடவை வரக் கூடாது. ஜூன் 30-க்கு முன்னால முன்பணம் கட்டி ரசீது கையில வச்சிக்கிட்டு பேப்பர் சிக்கல்ல விடுபட்டுப் போனவங்க நாங்க மட்டும் இருக்க மாட்டோம், எங்களைப் பழைய கணக்குல சேர்த்துக்க ஒரு வாய்ப்பு கொடுங்க. மீட்டர் பேரு மாத்துறதுக்கு என்னென்ன தாள் வேணும்னு ஒரே தடவையில சொல்லிடற மாதிரி ஒரு பட்டியல் கவுண்ட்டர்ல ஒட்டச் சொல்லுங்க, இதுக்குப் பட்ஜெட் வேணாம், ஒரு செலோடேப் போதும்.

600 யூனிட் கோட்டை வீட்ல இருக்கிற தலையைப் பார்த்துப் போடுங்க. ரஹ்மா உதவித்தொகைக்கு எங்க வீட்ல எத்தனை பேர்னு அரசாங்கம் கணக்கு வச்சிருக்கு, அதே கணக்கை மீட்டருக்கும் எடுத்துக்குங்க.

கேஸ் ஏத்துமதியிலேர்ந்து வர்ற ஈவுத்தொகையில ஒரு பங்கு, எவ்வளவுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க, ஆனா சட்டத்துல எழுதுங்க, அது பி40 (வருமானம் கொறைஞ்ச 40 விழுக்காடு) வீட்டுக் கூரைக்கும் பிபிஆர்னு அரசாங்கம் கட்டின மலிவு அடுக்குமாடியோட மொட்டைமாடிக்கும் அரசாங்க ஸ்கூல் கூரைக்கும்தான் போகணும், முன்பணம் கேக்காம. தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, மலாய்ப்பள்ளின்னு பிரிக்க வேணாம், கூரை எங்க பெருசா இருக்கோ அங்க ஆரம்பிங்க.

பச்சைக் கரண்ட்டை வெளிய விக்கிறதுக்கு முன்னால உள்ளூருக்கு எவ்வளவுன்னு இந்தோனேசியா கரிக்குப் போட்ட மாதிரி ஒரு அளவு போடுங்க. டேட்டா சென்டருக்குப் புதுசா லைன் கொடுக்கிறப்ப அதுக்காகக் கூடுதலா எரிக்க வேண்டிய கேஸ் கரி செலவு வீட்டு பில்லுல வந்து விழாதுன்னு எழுத்துல உறுதி கொடுங்க.

கரி நிலையம் ஒவ்வொண்ணும் எந்த வருஷம் மூடும்னு நிலையம் வாரியா தேதியைச் சொல்லுங்க. 2044-க்குள்ளன்னு மொத்தமா சொன்னா காப்பார்ல இருக்கிற பையன் இந்த வருஷம் வெல்டிங் படிக்கிறதா சோலார் வயரிங் படிக்கிறதான்னு எப்படி முடிவு பண்ணுவான்? காண்ட்ராக்ட் ஆளுங்களையும் சேர்த்து ஒரு பெயர்ப் பதிவு எடுங்க, கடைசிக் காண்ட்ராக்டர் வரைக்கும். மூடறதுக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னாலேர்ந்தே சம்பளத்தோட பயிற்சி கொடுங்க.

அடுத்த பட்ஜெட் அக்டோபர்ல வரும். அதுக்கு முன்னால பதில் வேணும், இதே மாதிரி எல்லாரும் பார்க்கிற இடத்துல. பில் நகலும் முன்பண ரசீது நகலும் உங்க அமைச்சுக்குத் தபால்ல அனுப்பியிருக்கேன், கணக்கு இப்ப அப்பா பேர்லதான் இருக்கு.

இப்படிக்கு,
காப்பார்லேர்ந்து, ஒன்பது பேர் இருக்கிற வீட்டு மூத்த மகன்